600 மீட்டர் புல் ஓடுதளம், செஸ்னா 172எஸ்: கையேடு 407 மீட்டர் போதும் என்கிறது, பிறகு ஏன் வேலிக்குள் போகிறார்கள்?

புல்தரை172

வணக்கம். கிராமப்புறச் சிறு ஓடுதளங்களில் நடந்த தரையிறக்க விபத்து அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் வானிலை நன்றாக இருக்கிறது, என்ஜினில் கோளாறு இல்லை, நேரமும் பட்டப்பகல். அப்படியும் விமானம் வேலியில் போய் நிற்கிறது, மூக்குச் சக்கரம் மடங்குகிறது, சில சமயம் தலைகீழாகப் புரள்கிறது.

கணக்குக்காக இப்படி ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்தரை, 600 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், கடல்மட்டத்தை ஒட்டிய உயரம், 2% சரிவு. தாழ்ந்த முனைக்கு வெளியே 60 மீட்டர் தள்ளி 15 மீட்டர் உயர மரவரிசை. மேட்டு முனைக்கு வெளியே திறந்தவெளிதான், ஆனால் தளம் முடியும் இடத்தில் வாய்க்காலும் கம்பி வேலியும் இருக்கின்றன.

172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேட்டின்படி 50 அடி தடையைத் தாண்டி இறங்கி நிற்க 1335 அடி, அதாவது 407 மீட்டர் போதும். 190 மீட்டருக்கு மேல் மிச்சம். கேட்க நினைப்பது:

1. இந்த மிச்சம் எங்கே போகிறது?
2. மேடு ஏறும் திசையில் இறங்குவதா, காற்றை எதிர்த்து இறங்குவதா?
3. எந்த இடத்தில் இறங்குவதைக் கைவிட வேண்டும் என்பதை எப்படி முன்கூட்டியே முடிவு செய்வது?

கணக்கன்

407 எந்த நிபந்தனைகளில் வந்த எண் என்று முதலில் பாருங்கள். கடல்மட்டம், 15 டிகிரி, காற்றில்லை, காய்ந்த சமமான கெட்டித்தளம், முழு ஃபிளாப் (வேகம் குறைத்து இறங்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்புத் தகடு), 50 அடியில் 61 நாட் (மணிக்கு 61 கடல் மைல்), தொட்டவுடன் பலமான பிரேக். விமானமும் நல்ல நிலையில். உங்கள் தளத்தில் இவற்றில் ஒன்றிரண்டுதான் பொருந்தும்.

30 டிகிரி வெயிலுக்குப் பட்டியலில் உள்ள எண்கள்: தரை ஓட்டம் (தொட்டதிலிருந்து நிற்கும்வரை) 605 அடி, மொத்தம் 1380 அடி (421 மீ).

காய்ந்த புல்லுக்குத் தரை ஓட்டத்தில் 45% கூட்டச் சொல்கிறது கையேடு. 605-இல் 45% என்றால் 272 அடி. மொத்தம் 1652 அடி, 504 மீட்டர். மிச்சம் பாதியாகிவிட்டது, இன்னும் எதுவும் தப்பாக நடக்கவில்லை.

பின்காற்றுக்கு ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10%. 4 நாட் பின்காற்று என்றால் காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) லேசாகத்தான் அசையும், பலர் அதைக் காற்றே இல்லை என்றுதான் சொல்வார்கள். கணக்கில் அது 20%. 1380 என்பது 1656 ஆகிறது, தரை ஓட்டம் 605 என்பது 726. அதில் புல்லுக்கு 45%, அதாவது 327 அடி. மொத்தம் 1983 அடி, 604 மீட்டர். சரியாக 61 நாட்டில் வந்து, சரியான இடத்தில் தொட்டு, பிரேக்கும் முழுதாகப் பிடித்தால்கூட மூக்கு வாய்க்கால் ஓரத்தில்தான் நிற்கும்.

எதிர்காற்று தரும் சலுகையோ 9 நாட்டுக்கு வெறும் 10%. கொடுப்பதில் கஞ்சம், பிடுங்குவதில் தாராளம். அதனால் காற்றின் திசை சந்தேகமாக இருந்தால் பின்காற்று என்றே கணக்குப் போடுங்கள்.

ஈரப் புல்லுக்கு இந்தக் கையேட்டில் எண் கிடையாது. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானங்களுக்குச் சொல்லும் பெருக்கு எண்களைப் பயன்படுத்தலாம். இவை மொத்தத் தூரத்துக்கானவை, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்:

- 20 செ.மீ. வரை காய்ந்த புல், கெட்டி மண்: 1.15
- அதே புல் ஈரமாக இருந்தால்: 1.35
- மிகக் குட்டையான புல் ஈரமாக இருந்தால்: 1.6 வரை
- 2% இறக்கம்: 1.1
- இளகிய தரை: 1.25 அல்லது அதற்கு மேல்
- எல்லாம் பெருக்கிய பிறகு பாதுகாப்புக்காக: 1.43

குட்டைப் புல்தான் ஈரத்தில் மோசம் என்பதைக் கவனியுங்கள். நன்றாக வெட்டி, கம்பளம் போலப் பார்க்க அழகாக இருக்கும் தளத்தில் காலைப் பனி படிந்திருந்தால் சக்கரம் சறுக்கிக்கொண்டே போகும்.

காய்ந்த புல்லுக்குக் கையேட்டு முறையில் வந்த 504-ஐ 1.43-ஆல் பெருக்கினால் 721 மீட்டர். ஈரமென்றால் 421 × 1.35 × 1.43 = 812 மீட்டர். முழு எடையில், 30 டிகிரியில், உங்கள் 600 மீட்டர் எந்த வழியில் பார்த்தாலும் பற்றாது.

வால்சக்கரம்

கணக்கன் போட்ட கணக்கு சரி, ஆனால் மரத்தைத் தொடாமல் விட்டுவிட்டார். விமானம் 50 அடியில் இருக்கும் புள்ளியிலிருந்துதான் கையேட்டுத் தூரம் தொடங்குகிறது. உங்கள் மரம் 15 மீட்டர், அதாவது அதே 50 அடி. மர உச்சியைச் சக்கரம் உரசிக்கொண்டு வந்தால்தான் அந்த எண் பொருந்தும். யாரும் அப்படி வருவதில்லை, வரவும் கூடாது.

மரத்தை 10 மீட்டர் இடைவெளியில் தாண்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மர உச்சிக்கு மேல் 25 மீட்டர் உயரம். 4 டிகிரி சரிவில் இறங்கினால் அந்த உயரம் கரைய 357 மீட்டர் ஆகும். மரம் 60 மீட்டர் தள்ளி இருப்பதால் அதைக் கழித்தால், நீங்கள் குறிவைக்கும் புள்ளி ஓடுதளத்துக்குள் ஏறக்குறைய 300 மீட்டரில் இருக்கிறது. ஃபிளேர் செய்து (கடைசியில் மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணித்து) தொடுவது அதற்கும் அப்பால். பாதித் தளம் சக்கரத்தைத் தொடாமலே போய்விட்டது.

முழு ஃபிளாப்போடு என்ஜினை ஐடிலுக்கு (மிகக் குறைந்த சக்திக்கு) கொண்டுவந்து 5.5 டிகிரியில் இறங்கினால் 200 மீட்டருக்குள் குறிவைக்கலாம். ஆனால் செங்குத்தாக இறங்கும்போது ஃபிளேருக்கு வேகம் மிச்சம் இருக்காது. கொஞ்சம் தாமதித்து இழுத்தால் மூன்று சக்கரமும் ஒன்றாக மோதும்.

திசைக் கேள்விக்கு வருகிறேன். மேடு ஏறி இறங்குவது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டம் குறையும் என்பதும் உண்மைதான். உங்கள் தளத்தில் அதற்கு மரத்துக்கு மேலாகத்தான் வர வேண்டும். அதோடு கண் செய்யும் மோசடி ஒன்று உண்டு. பழகியதைவிடக் குறுகலான ஓடுதளத்தைப் பார்த்தால் நாம் அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். மேடாக ஏறும் தளமும் அதே தோற்றத்தைத்தான் தரும். 18 மீட்டர் அகலமும் 2% மேடும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கும், நீங்கள் தெரியாமலே தாழ்ந்து வருவீர்கள். எதை நோக்கி? அந்த மரங்களை நோக்கி.

எதிர்த் திசையில், திறந்த பக்கமாக வந்தால் மரம் குறுக்கே இல்லை. ஆனால் இறக்கத்துக்கு 1.1 பெருக்க வேண்டும், 504 என்பது 554 ஆகும். கோ-அரவுண்ட் செய்தால் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறினால்) மரம் நேர் எதிரே. ஃபிளாப் இன்னும் முழுதாக மடங்காத நிலையில் நிமிடத்துக்கு 300 அடி ஏற்றம், 60 நாட் வேகம் என்று வையுங்கள். 15 மீட்டர் ஏற 300 மீட்டர் வேண்டும். விமானம் இறங்குவதை நிறுத்தி ஏறத் தொடங்கும்வரை போகும் தூரம் தனி. எனவே தளத்தின் நடுப்பகுதியைத் தாண்டிய பிறகு அந்தப் பக்கம் கோ-அரவுண்ட் என்பது பெயருக்குத்தான்.

என் தேர்வு: காற்று 5 நாட்டுக்குள் இருந்தால், குறைந்த எடையில், புல் காய்ந்திருந்தால், மேடு ஏறும் திசை. மேட்டுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி 5 நாட்டுக்கு மேல் வீசினால் அதே திசைக்கு அது எதிர்காற்று, இன்னும் நல்லது. மரப்பக்கத்திலிருந்து வீசினால் இந்த விமானத்துக்கு இந்தத் தளம் வேண்டாம்.

புதுச்சிறகு

அணுகும் வேகத்தைக் குறைத்தால் பிரச்சினை தீராதா? முழு ஃபிளாப்பில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 40 நாட், வேகமானியில் உள்ள வெள்ளை வளைவின் கீழ் முனையே அதுதான். அதை 1.3-ஆல் பெருக்கினால் 52. எதற்கு 61?

ஃபைனல்

52-இல் வராதீர்கள். இந்தக் கணக்கு பல இடங்களில் உலவுகிறது, ஆபத்தானது.

40 என்பது வேகமானி காட்டும் எண். மூக்கு உயர்ந்து விமானம் மெதுவாகும்போது வேகமானிக்கான பிட்டோ குழாய்க்குள் காற்று நேராக நுழையாது, அதனால் மானி குறைத்துக் காட்டும். பிழை நீக்கிய ஸ்டால் வேகம் 172எஸ்ஸுக்கு 48 நாட். 1.3 மடங்கை அதன் மேல்தான் போட வேண்டும், 62 வருகிறது. 60 நாட் பக்கத்தில் மானியின் பிழை சிறியது, ஆகவே கையேட்டின் 61 அங்கிருந்து வந்ததுதான். 52-இல் மரத்துக்குப் பின்னால் காற்று சட்டென்று விழுந்தால் மீட்க எதுவும் கையில் இராது.

எடை குறைந்தால் வேகத்தைக் குறைக்கலாம், அது நியாயமான வழி. ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு மாறும். முழு எடையான 2550 பவுண்டுக்கு 61 என்றால், 10% குறைந்து 2295 பவுண்டில் 58. அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத் தவறுதான் அதிகம் நடக்கிறது. சின்னத் தளம், மரம், பதற்றம், "கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வோம்" என்று 70 நாட். ஓட்டம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 70/61-ஐ வர்க்கமாக்கினால் 1.32, தரை ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிட்டது. அது கூட இரண்டாம்பட்சம். மிதப்புதான் தளத்தைத் தின்னும். தரைக்கு மேல் ஒரு மீட்டரில் மிதக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 60 நாட்டில் 31 மீட்டர் போகிறது. 7 விநாடி மிதந்தால் 217 மீட்டர். அந்த நேரத்தில் பொறுமை இழந்து யோக்கை (கைப்பிடிச் சக்கரத்தை) முன்னே தள்ளி மூக்குச் சக்கரத்தால் தரையைத் தேடுவார்கள். வேலியில் நிற்கும் விமானத்துக்கும் மூக்குச் சக்கரம் மடங்கிய விமானத்துக்கும் ஊற்றுக்கண் இந்த 9 நாட்தான்.

மரத்துக்குப் பின்னால் காற்று: உச்சிக்கு மேலே 10 நாட் எதிர்காற்று இருந்து, உச்சிக்குக் கீழே வந்ததும் அது இல்லாமல் போனால் வேகமானி அப்படியே சரியும், விமானம் அமுங்கும். எனவே மர உச்சிக்குக் கீழே வந்து வேகம் நிலைக்கும்வரை த்ராட்டிலை (என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) முழுதாக மூடாதீர்கள். வீச்சுக்காற்று இருந்தால் வீச்சின் பாதியை மட்டும் வேகத்தில் கூட்டுங்கள். 8 நாட் காற்று 14 வரை வீசினால் வித்தியாசம் 6, கூட்ட வேண்டியது 3.

உயிரை எடுப்பது பெரும்பாலும் வேலி அல்ல, அதற்கு முந்தைய திருப்பம். பேஸிலிருந்து (தளத்தின் கோட்டுக்குக் குறுக்கே பறக்கும் பகுதி) ஃபைனலுக்கு (தளத்துக்கு நேரே வரும் கடைசிப் பகுதி) திரும்பும்போது பின்காற்று தள்ளி நேர்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். சாய்வை அதிகமாக்கப் பயந்து உள்பக்க ரட்டரை (வால் சுக்கானை) மிதித்து மூக்கை இழுப்பார்கள், மூக்கு தாழும், யோக்கைப் பின்னே இழுப்பார்கள். தாழ்ந்திருக்கும் இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலும். 500 அடியில் அதிலிருந்து மீள உயரம் இல்லை. 30 டிகிரி சாய்வில் ஸ்டால் வேகம் 1.07 மடங்கு, 45-இல் 1.19, 60-இல் 1.41. அதாவது 48 என்பது 51, 57, 68. சாய்வு 30-க்கு மேல் தேவைப்பட்டால் இறக்கைகளைச் சமமாக்கிச் சுற்றிப் போய்விடுங்கள்.

கைவிடும் புள்ளியைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். 30 டிகிரியில் காய்ந்த புல்லில் தரை ஓட்டம் 877 அடி, 267 மீட்டர். 1.43 பெருக்கினால் 382. 600-இலிருந்து கழித்தால் 218. அதாவது தள முனையிலிருந்து 218 மீட்டருக்குள் பிரதான சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோ-அரவுண்ட். அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பலகையோ பெயின்ட் அடித்த டயரோ இருக்கட்டும். மேலிருந்து மனத்தில் குறித்துக்கொண்ட புதர் ஃபிளேரின்போது கண்ணில் படாது.

கோ-அரவுண்ட் வரிசை: த்ராட்டில் முழுக்க. பழைய கார்புரேட்டர் மாடலில் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடாக்கும் வசதியை) மூடுங்கள், 172எஸ்ஸில் அது கிடையாது. ஃபிளாப் 20-க்கு. 60 நாட். தடை தாண்டும்வரை 10, பிறகு சுழியம். இறங்குவதற்காக டிரிம்மை (யோக்கில் கை அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பை) மூக்கு மேலாக வைத்திருப்பீர்கள், முழு சக்தி கொடுத்ததும் மூக்கு தானாக எகிறும். யோக்கை நன்றாக முன்னே அழுத்திப் பிடிக்க வேண்டும், வலது ரட்டரும் வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமுங்கிப் புல்லில் உட்காரும்.

புல்தரை172

மிக்க நன்றி. 218 மீட்டருக்குள் தொட வேண்டும், மரத்தை 10 மீட்டர் இடைவெளியில் தாண்டினால் குறிப்புள்ளியே 300. அப்படியென்றால் மரத்தின் பக்கமாக முழு எடையில் இறங்கவே வழியில்லை என்றுதானே பொருள்? இன்னொன்று: தொட்ட பிறகு பிரேக் எப்படி? குதித்துவிட்டால் என்ன செய்வது?

ஃபைனல்

ஆம், அதேதான் பொருள். 5.5 டிகிரியில், மரத்துக்கு மேல் 5 மீட்டர் இடைவெளியோடு வந்தால் குறிப்புள்ளி 150 மீட்டர் பக்கம் வரும், 218-க்குள் தொடலாம். அந்த 5 மீட்டரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிவெட்

ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பிரேக்: ஈரப் புல்லில் பலமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு பனிச்சறுக்குப் பலகை போல வழுக்கும், திசையும் கையில் நிற்காது. தொட்டதும் ஃபிளாப்பை மடக்கி எடையைச் சக்கரத்துக்கு மாற்றுங்கள், யோக் முழுக்கப் பின்னே, பிரேக்கை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு. சக்கரம் உள்ளே மடங்கும் விமானத்தில் ஓட்டத்தின்போது ஃபிளாப் நெம்புகோலைத் தேடவே கூடாது, பக்கத்தில் இருக்கும் கியர் (சக்கரத்தை மடக்கும்) நெம்புகோலை இழுத்துவிட்டவர்கள் நிறையப் பேர். புல்தளத்துக்கு அடிக்கடி போகும் விமானத்தில் சக்கர உறைகளைக் கழற்றிவிடுங்கள். சேறும் புல்லும் உள்ளே அடைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

குதித்தால்: சின்னக் குதி என்றால் யோக்கை அசைக்காமல் நிலையாகப் பிடித்து, கொஞ்சம் சக்தி கொடுத்து மறுபடி ஃபிளேர். பெரிய குதி என்றால் நேரே கோ-அரவுண்ட். யோக்கை முன்னே தள்ளுவதுதான் விமானத்தை உடைக்கும். மூக்குச் சக்கரம் முதலில் மோதும், விமானம் இன்னும் உயரமாக எழும்பும், அடுத்த மோதல் இன்னும் பலமாக. பெரும்பாலும் மூன்றாவது மோதலில் ப்ரொப்பெல்லர் தரையைத் தொடும். தரைக்கும் அதன் நுனிக்கும் இடைவெளி ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் மூக்கு ஸ்ட்ரட்டில் (சக்கரத்தின் அதிர்வு தாங்கியில்) அழுத்தம் சரியாக இருந்தால்தான்.

172-இல் மூக்குச் சக்கரம் ஃபயர்வாலோடு (என்ஜினுக்கும் இருக்கை அறைக்கும் நடுவிலுள்ள தகட்டோடு) பிணைந்திருக்கிறது. அதனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மடிந்திருக்கும். பலமாக இறங்கிய பிறகு கவ்லிங்கை (என்ஜின் மூடியை) கழற்றி ஃபயர்வாலின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் சுருக்கம், ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி, ரட்டர் மிதி வழக்கத்தைவிடக் கனமாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் விமானம் பறக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் நுனிகள் ஒரே தடத்தில் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். உலோக ப்ரொப்பெல்லருக்கு வித்தியாசம் 1/16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டு, லேசாக அரம் போடுவதற்கு மேல் பழுது பார்க்க வேண்டியிருந்தால் அது ப்ரொப் ஸ்டிரைக். என்ஜின் நின்றதா, ஓடியதா என்பது கணக்கே இல்லை. லைகமிங் என்ஜினுக்கு அமெரிக்க விமானத் தகுதி உத்தரவு 2004-10-14 இருக்கிறது. பின்பக்கம் உள்ள கிராங்க்‌ஷாஃப்ட் கியரைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் ஊசியையும் பற்றியது. அந்த போல்ட் பின்னொரு நாள் வானத்தில் விட்டுப்போனால் காம்‌ஷாஃப்ட், மேக்னட்டோ (என்ஜினுக்குத் தீப்பொறி தரும் கருவி) எல்லாம் ஒன்றாக நிற்கும். நுனியை நேராக்கிவிட்டுப் பறந்து வீடு போய்ச் சேர நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

வால்சக்கரம்

முதல்முறை போகும் தளத்தை மேலிருந்து பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. 500 அடியில், தளத்தை இடப்பக்க ஜன்னலில் வைத்துக்கொண்டு, 60 நாட்டில் நீளவாக்கில் பறந்து நேரம் பாருங்கள். 600 மீட்டருக்கு 19 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். இரு திசையிலும் பறந்து சராசரி எடுத்தால் காற்றின் தாக்கம் ஏறக்குறைய ரத்தாகும். ஒரு திசையில் 17, எதிர்த் திசையில் 22 என்று வந்தால் காற்று எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மின்கம்பியைத் தேடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் இருந்தால் நடுவில் கம்பி உண்டு என்று வையுங்கள். புதருக்குள் மறைந்த கம்பம், வீட்டுக்குத் தனியாகக் கிளை போகும் கம்பி, இவை ஃபைனலின் கடைசி 200 மீட்டரில்தான் இருக்கும்.

புல் உயரம் சக்கர விட்டத்தில் 30%-க்கு மேல் போக வேண்டாம். 172-இன் பிரதான சக்கரத்துக்கு அது சுமார் 13 செ.மீ. தளத்தின் தாழ்ந்த முனையில்தான் மழைநீர் நிற்கும், மண் இளகியிருக்கும். புரண்டு கிடக்கும் விமானங்களில் பல ஓட்டத்தின் கடைசியில், மெதுவாகிவிட்ட பிறகு, அப்படி ஒரு ஈரத் திட்டில் மூக்குச் சக்கரம் புதைந்து கவிழ்ந்தவை.

கவிழ்ந்துவிட்டால்: மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி), எரிபொருள் வால்வு, மேக்னட்டோ, மாஸ்டர் (மின்சுவிட்ச்) எல்லாம் அணையுங்கள். எரிபொருள் தொட்டி இறக்கையில் இருப்பதால் ஒழுகும். பெல்ட்டை விடுவிக்கும் முன் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தலைகீழாகத் தொங்குகிறீர்கள், விழுந்தால் கழுத்தில்தான் விழுவீர்கள். அவசர பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸ் வகைதானா என்று முன்பே பாருங்கள். பழைய 121.5-ஐச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1-க்குப் பிறகு கேட்பதில்லை, ஆளில்லாத தளத்தில் அது கத்திக்கொண்டே கிடக்கும்.

கணக்கன்

மரத்தைச் சேர்த்தது சரி, நான் விட்டது பிழைதான். இன்னொன்றையும் சேர்க்கிறேன்: இறங்கிவிட்டால் ஏறி வர வேண்டுமே. 172எஸ்ஸுக்குக் கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஓட்டம் 960 அடி, 50 அடி உயரம் எட்ட மொத்தம் 1630 அடி. காய்ந்த புல்லுக்கு ஓட்டத்தில் 15% கூட்டினால் 1774 அடி, 541 மீட்டர். ஏறுவதற்கான பாதுகாப்புப் பெருக்கு 1.33, அதைப் போட்டால் 719. இறக்கத் திசையில் ஓடினால் மரம் இருப்பது 660-இல். 30 டிகிரிக்கு எண்கள் இன்னும் கூடும். எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்பதை அந்தத் தளத்துக்குப் புறப்படும் முன்பே குறைத்தாக வேண்டும், அங்கே போய் இறங்கிய பிறகு குறைக்க முடிவது பயணியை மட்டும்தான்.